மூன்றாவது அளவு

மேஜைமேல் ஏற்றி நிறுத்தியதும் வாண்டு தானாகவே இரண்டு கைகளையும் விரித்தது. தையற்காரர் பெற்ற பிள்ளை. அளவு கொடுக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே மின்விசிறி அதே சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. போன கோடையில் தைத்த கவுன் குழந்தையின் அக்குளில் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது.

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுப்பவர், பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஒரு மாதமாக இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

காலையில் பேண்ட் வாங்க வந்தவர், "பேத்தியா? அப்படியே உங்க மூஞ்சி" என்றார். இவர் திருத்தவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அப்பாவானவர் எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்?

அவர் அளவைச் சொல்வார், மனைவி நோட்டில் எழுதுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையில் அதுதான் முறை.

இன்று அவள் மடியில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று அட்டை கிழிந்து, இருபத்திரண்டு வருடமாகப் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

பழைய நோட்டில் மூத்த மகளின் அளவுகள். கோடைக்கு ஒன்றாக மூன்று கவுன். முதல் இரண்டுக்கும் எதிரே, தைத்துக் கொடுத்தாயிற்று என்று டிக் போட்டிருந்தது. மூன்றாவதற்கு டிக் இல்லை.

மார்பு இருபது, நீளம் பதினெட்டரை. வெட்டிய துணி மேஜையில் கிடக்கும்போதே மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்.

வாண்டு பிறந்த பிறகு அந்த நோட்டை எடுக்காமலே இருந்திருக்கலாம். எடுத்தார்கள்.

முதல் கோடையில் இருவர் அளவும் அரை இஞ்ச் பிசகாமல் ஒன்றாக இருந்தன. தற்செயல் என்றாள் மனைவி.

இரண்டாவது கோடையிலும் அப்படியே. அவள் நோட்டை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'அடுத்த வருடம்' என்று வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து வாண்டும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்.

மூன்றாவது அளவும் ஒத்துப்போய்விட்டால் அவ்வளவுதான் என்று அவர் மனதில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன, பயம் போய்விடுகிறதா?

ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு குழந்தையின் முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து பிடித்தார். வாண்டு கூச்சத்தில் நெளிந்தது.

"மார்பு, இருபத்தொண்ணு."

மனைவி நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்.

தோளிலிருந்து கீழே இறக்கினார். "நீளம், பத்தொம்பதரை."

இரண்டுமே மூத்தவளைவிட ஒரு இஞ்ச் கூட.

அவள் பழைய நோட்டைப் பட்டென்று மூடினாள். "பாத்தீங்களா, இவ வளத்தியே வேற!" இந்தக் கோடையில் அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவரும் சிரித்தார்.

டேப்பின் நுனியில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அளக்கும்போது கட்டைவிரல் அதன்மேல்தான் உட்காரும். ஆணியிலிருந்து எடுத்தபோதே அவர் விரலுக்கு அந்தத் தகடு அகப்படவில்லை. புதிதாகக் கத்தரித்த விளிம்புதான் தட்டுப்பட்டது. முதல் இஞ்சைக் காணோம். டேப் ஒன்றிலிருந்து தொடங்கியது. அதை வைத்து எதை அளந்தாலும் ஒரு இஞ்ச் கூடத்தான் காட்டும்.

அவள் காலடியில் ஊக்கு டப்பா திறந்திருந்தது. ஊக்குகளுக்கு நடுவே அந்தப் பித்தளைத் தகடு மினுங்கியது. பாவம், ஒளித்து வைக்கக்கூடத் தெரியாதவள்.

அவர் டேப்பைச் சுருட்டி இழுப்பறையில் தனியாக வைத்தார். வாடிக்கையாளர்களுக்கென்று புது டேப் ஒன்றைப் பிரித்து ஆணியில் மாட்டினார். பழையதற்கு என்ன என்று அவள் கேட்கவில்லை.

துணியை விரித்து, சொன்ன அளவுக்கே கோடு போட்டு வெட்டினார்.

வெயில் தாழ்வதற்குள் கவுன் தயாராகிவிட்டது. வாண்டு அதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு பக்கத் தோள் நழுவி இறங்கியது.

"தொளதொளன்னு இருக்கே," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் குனிந்து, நழுவிய தோளை ஏற்றிவிட்டார்.

"இருக்கட்டும். அடுத்த வருஷம் சரியா இருக்கும்."

அவள் புது நோட்டைத் திறந்து, மூன்றாவது அளவுக்கு எதிரே டிக் போட்டாள்.