அப்பா போனில் திறந்திருப்பவை

'சாப்பாட்டில் விஷம் கலந்தால் ருசி தெரியுமா?'

டேப்லெட்டில் அந்த வரியைச் சரசா இரண்டு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமையாச்சே, மீன் குழம்பில் மாங்காயை எப்போது போடுவது என்று பார்க்கத்தான் அதைத் திறந்தாள்.

கீழே இன்னும் இரண்டு கிடந்தன. 'மெல்லக் கொல்லும் விஷம் - எத்தனை நாளாகும்?' 'ரத்தப் பரிசோதனையில் விஷம் தெரியுமா?' எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், 'அப்பா போனில் திறந்திருப்பவை'.

எல்லாம் மகள் கிருஷ்ணப்பிரியா செய்த வேலை. பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தவள், "எதைத் தொட்டாலும் விளம்பரம் வருதும்மா" என்று பழைய பிரவுசரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அப்பா போனிலும் இந்த டேப்லெட்டிலும் புதுசாக ஒன்றை ஏற்றினாள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தும் வைத்தாள். அதில் திறப்பது இதில் தெரியும் என்று அம்மாவிடம் சொன்னவள், அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அந்த அப்பா செங்கல்வராயன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுபவன். ஊரறிந்த குடிகாரன். திருமுல்லைவாயில் கோயிலில் கற்பூரம் அடித்து எத்தனையோ தடவை சத்தியம் செய்துவிட்டு, அன்று சாயங்காலமே தள்ளாடிக்கொண்டு வந்தவன். இப்போதெல்லாம் சத்தியம்கூடப் பண்ணுவதில்லை.

கொஞ்ச நாளாக ஆளே சரியில்லை. கை நடுங்குகிறது, தின்றதைக் கக்குகிறான், வாடை தெரியக்கூடாதென்று எந்நேரமும் வாயில் கிராம்பு. போதாததற்கு அவள் அடுப்படியில் நின்றால் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிறான். அது சமயம் பார்க்கத்தான் என்பது சரசாவுக்கு இப்போது புரிந்தது.

"இன்னாத்த அப்டி பாத்துகினு கீறே?"

பின்னால் அவன்தான். டேப்லெட்டைச் சட்டென்று கவிழ்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. மீன் கொழம்பு எப்டி வெக்கிறதுன்னு..."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து வெக்கிறே. இன்னிக்கி இன்னா புதுசா பாக்குறே?" அவன் கண் அடுப்படியை ஒரு சுற்று சுற்றி வந்தது. "சோத்தப் போடு."

சென்னீர்குப்பத்தில் இருக்கும் தம்பி வெங்கட்டைக் கூப்பிட்டால் பைக்கில் பறந்து வந்துவிடுவான். ஆனால் அவள் போன் கூடத்தில், செங்கல்வராயன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

சோற்றைப் போட்டாள். அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த கிண்ணத்துக் குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். சட்டியிலிருந்து தனக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி எங்க?" என்றான்.

எழுந்து போய்ச் சொம்போடு திரும்பினாள். தட்டு இரண்டும் இடம் மாறியிருந்தன.

"இன்னிக்கி என் தட்டுல நீ தின்னு. உன் தட்டுல நான் தின்றேன்" என்றான் செங்கல்வராயன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரசா தட்டைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கலந்துவிட்டானா? சோற்றைப் பிசைந்தாள். கை வாய்வரை போகவில்லை.

"தின்னு. ஏன் நடுங்குறே? நீ ஆக்குனதுதானே?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டாள்.

"இன்னா கலந்தீங்க? உங்க போன்ல இருக்கிறதெல்லாம் டேப்லெட்ல பாத்துட்டேன். வெசமாம், எத்தினி நாளாம்... நான் செத்துட்டா பொண்ணு கதி இன்னாங்க ஆவும்?"

"நான் கலந்தேனா?" செங்கல்வராயன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "தெனம் வாந்தி எடுக்குறது நானு. மயக்கம் போட்டு மிஷின் மேல வுழ இருந்தது நானு. டாக்டரு, ஊட்ல இன்னா சாப்புடுறேன்னு கேக்குறாரு. அதான் பயந்துபோயி தேடிப் பாத்தேன். சீரக டப்பா பின்னாடி ஒரு பொட்டலம் ஒளிச்சி வெச்சிகீறியே, அது இன்னா? உன் கையால என்ன சாவடிக்கப் பாக்குறியா?"

சரசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்துவிட்டது.

"ஐயோ, அது வெசம் இல்லீங்க! குடிய மறக்கடிக்கிற பொடி. ரயில் பொட்டில நோட்டீஸ் ஒட்டியிருந்தான், ஊட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்கன்னு. போன மாசம்தான் வாங்கினேன். நீங்க வாந்தி எடுக்குறப்பல்லாம் பொடி வேலை செய்யுதுன்னு சாமிக்கு வெளக்கேத்தினேன்."

"சாமிக்கா?"

"ஆமாங்க. இதுக்குப் போயி இப்டி பயந்துகினீங்களே! குடிச்சாதான் வாந்தி வருமாம். குடிக்காதவங்கள ஒண்ணுமே பண்ணாதாம்."

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தான். வாயிலிருந்த கிராம்பை எடுத்துத் தட்டு ஓரமாக வைத்தான்.

"நான் குடிய வுட்டு ரெண்டு மாசம் ஆவுது, சரசா."