இரண்டாம் பதிப்பு

"அந்த ஆளுக்கு இன்னிக்கு ஒரு கரண்டி கூழ் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று அமாந்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "வந்தா வாசலோட அனுப்பிடுவேன்."

"மணி அடிச்சாச்சு, கதவைத் திறடி. மழையில நிக்கறான்" என்றாள் அக்கா டெல்ஃபினா.

"லீமாவுல தூறுறதுக்குப் பேரு மழையா? நனையட்டும்."

அப்படிச் சொன்னாலும் போய்த் திறந்தாள். லிசார்டோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஊரில் ஒரு கச்சேரி நடந்தால், அது நன்றாக இருந்ததா இல்லையா என்பதை லிசார்டோ பத்திரிகையில் எழுதிய பிறகுதான் ஜனங்கள் முடிவு செய்வார்கள். டெல்ஃபினா பாடும் வால்ஸ் பாட்டுகளை முதன்முதலில் ஊரறியச் செய்ததும் அவர் பேனாதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவருக்கு இந்த வீட்டில். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இன்று கேட்பார், நாளை கேட்பார் என்று பார்த்துப் பார்த்து அமாந்தாவுக்கே தலை நரைத்துவிட்டது. போன வருஷம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளிலும் வந்து, பழைய இசைத்தட்டு கேட்கிறோம் என்று அக்காவோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். இசைத்தட்டைத்தான் கேட்டாரே தவிர, அக்காவை ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் டெல்ஃபினாவின் வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. அச்சடித்ததெல்லாம் விற்றுப்போய், இந்த வாரம் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. இந்த நேரம் பார்த்து, இன்று காலைப் பத்திரிகையில் லிசார்டோ அந்தப் புத்தகத்தைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

"தாராளமா வாங்க. எங்க அக்காவைக் கோழைன்னு ஊருக்கே சொல்லியாச்சு. நேர்லயும் ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க."

டெல்ஃபினா சிரித்தாள். அவள் சிரித்தது அமாந்தாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அதை இன்னொரு தடவை வாசிடி. கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன்."

அமாந்தா பத்திரிகையை விரித்து வாசித்தாள். "'நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, பாட்டே எனக்குப் போதும் என்று ஆறாம் அத்தியாயம் முடிகிறது. படிக்கிறவர் ஒருவரும் இதை நம்பப் போவதில்லை. இதை எழுதிய கை ஒரு கோழையின் கை. உண்மை தெரிந்தும் பூசி மெழுகியிருக்கிறது.'" பத்திரிகையை மேசையில் எறிந்தாள். "சின்ன வயசுல மதுக்கடையில, குடிகாரங்க முன்னாடி தனியா நின்னு பாடினவ. இவளா கோழை?"

லிசார்டோ கையைப் பிசைந்தார். "அவளை நான் ஒண்ணும் சொல்லலை அமாந்தா. எழுத்தைத்தான் சொன்னேன்."

"எழுத்து வேற, எழுதினவ வேறயா? உங்களுக்குப் பாட்டு தெரியும், ஒத்துக்கறேன். புத்தகத்தைப் பத்தி உங்களை யாரு கேட்டா?"

"பாட்டைப் பத்தி எழுதறது சுலபம்மா" என்றார் அவர். "ஒரு இடத்துல சுருதி விலகினா அது காத்தோட போச்சு. மறுநாள் நல்லாப் பாடிட்டா எல்லாரும் மறந்துடுவாங்க. புத்தகம் அப்படி இல்லை. பொய்யை அச்சடிச்சுட்டா அது அலமாரியிலயே உக்காந்திருக்கும். யாரு எடுத்துப் பிரிச்சாலும் அதையே சொல்லும், நாங்க போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லும். கச்சேரின்னா கூட்டத்தோட கூட்டமா கை தட்டிடலாம். புத்தகத்தைத் தனியால்ல படிக்கறோம். தனியா உக்காந்திருக்கறவன்கிட்ட பொய் செல்லாது."

"அதை வீட்டுக்குள்ள வந்து சொல்றதுக்கென்ன? ஊரைக் கூட்டியா சொல்லணும்?"

"பதிப்பாளர்கிட்டச் சொல்லிப் பாத்தேன். விக்கிற சரக்குல கை வைக்க மாட்டேன், ஒரு எழுத்து மாறாம அப்படியேதான் அடிப்பேன்னுட்டார். அந்த மனுஷன் தான் போடற புத்தகம் எதையும் படிக்க மாட்டார். மதிப்புரையை மட்டும்தான் படிப்பார்." தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "இன்னிக்குக் காலைல அவரே பதறிப்போய் போன் பண்ணினார். வியாழக்கிழமைக்குள்ள அந்த அத்தியாயத்தை மாத்திக் குடுத்துடணுமாம்."

அமாந்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாத மனிதர், அக்காவின் தனிமையை ஊர் நடுவில் வைத்து அலசுகிறார். அவள் காத்திருந்தால் இவருக்கென்ன, காத்திருக்காவிட்டால் இவருக்கென்ன? இத்தனை வருஷம் இந்த மனிதருக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதை நினைத்தால் அழுகையாக வந்தது.

"நீ ஒரு வரி மாத்தக் கூடாதுக்கா. இவர் மனசு குளிர நீ எதுக்கு உக்காந்து திரும்ப எழுதணும்?"

டெல்ஃபினா அடுப்படிக்குப் போனாள். ஊதாச் சோளக் கூழை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி, மேலே பட்டைப்பொடி தூவி, கொண்டுவந்து லிசார்டோவின் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மடல் வரை சிவந்திருந்தது.

"நான் எங்கடி எழுதினேன், திரும்ப எழுத?" என்று அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் சொல்லச் சொல்ல, முன்னறையில உக்காந்து புத்தகம் முழுக்க எழுதினது இந்தக் கல்லுளிமங்கன்தான். 'லிசார்டோ எப்பக் கேப்பான்னு இன்னிக்கு வரைக்கும் காத்திருக்கேன்'னு நான் வாய்விட்டுச் சொன்னதைத்தான், 'யாருக்காகவும் காத்திருக்கவில்லை'ன்னு எழுதி வச்சான்."