கூப்பிடு தூரம்

"இங்கயே போதும்டி. செருப்பு பாதியிலயே விழுந்துடுச்சு பாரு."

கூட ரோந்து வருபவள் காவல்காரியிடம் சொன்னது சரிதான். அவளே கை ஓங்கி வீசிய பழைய செருப்பு சிறைச்சுவரைத் தொடக்கூட இல்லை. புல்லில் குப்புறக் கிடந்தது.

போன வாரம் யாரோ இப்படியொரு செருப்பின் அடியைப் பிளந்து, உள்ளே செல்போனை வைத்துத் தைத்து, சுவருக்கு மேலே எறிந்திருந்தார்கள். நல்லவேளை, கைதிகள் எடுப்பதற்குள் மாட்டிக்கொண்டது. அதனால்தான் வெளிவேலியைத் தள்ளிப் போடச் சொல்லி உத்தரவு. எறிந்தால் எட்டாத தூரம் எதுவோ அங்கே முளை அடிக்க வேண்டும். இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

காவல்காரி முளைக்குச்சிகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளி நடந்தாள்.

"இன்னும் எங்கடி போற?"

காவல்காரி நடந்துகொண்டே இருந்தாள். எறிகிற கையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவள் பார்த்துக்கொண்டு போனது கூப்பிடு தூரம்.

வாய்க்கால் பாலம் வரைக்கும் குரல் கேட்கும். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கணவன் மகளை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் கைதிகள் துணி காயப்போடும் மூலை. அந்த நேரத்துக்கு அக்கா அங்கே இருப்பாள்.

உடன்பிறந்தவள் உள்ளே இருப்பதால் இவளுக்கு உள்வேலை தரமாட்டார்கள். வெளிச்சுற்று மட்டும்தான். மகளிடம் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு வெளிவேலை, பெரியம்மாவுக்கு உள்வேலை, பெரியம்மாவுக்கு லீவே கிடையாது. பிள்ளையும் நம்பிவிட்டது.

கைதிகளைப் பார்க்கும் அறைக்குப் பிள்ளையைக் கூட்டிவரவே கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முகம் காட்டமாட்டாள். குரல் மட்டும்தான்.

அந்தக் குரலுக்குத்தான் எத்தனை மவுசு!

தலை பின்னுவது இவள். பேன் பார்ப்பது இவள். காய்ச்சல் என்றால் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவள். பல் விழுந்தால் மட்டும் முதல் சேதி சுவருக்குப் போகும். வகுப்பில் யாரோ கிள்ளினால் சுவருக்குப் போகும். கணக்கில் முட்டை வாங்கினால்கூட அதுவும் சுவருக்குத்தான். வீட்டில் இவள் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள் மகள். சொல்ல வேண்டியதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லித் தீர்த்துவிட்டு வந்திருப்பாள்.

ஒருநாள் சுற்றி வரும்போது புதருக்குப் பின்னால் நின்று கேட்டாள். உள்ளேயிருந்து அக்கா என்னவோ சொல்ல, மகள் பாலத்தின் மேல் உருண்டு உருண்டு சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை வீட்டில் இவள் கேட்டதே இல்லை.

திட்டுவதற்கு ஒருத்தி, கொஞ்சுவதற்கு ஒருத்தி. நல்ல பங்கீடுதான்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ள அவள் முயலவில்லை. ஜெயிலில் கிடப்பவளைப் பார்த்துப் பொறாமைப்படும் ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போய் முளையை ஊன்றினாள். சம்மட்டியை ஓங்கி அடித்தாள். இனி பாலம் வேலிக்குள்ளே. தொண்டை கிழியக் கத்தினாலும் இங்கிருந்து உள்ளே கேட்காது.

சைக்கிள் மணி கேட்டது. கணவன் காலை ஊன்றுவதற்குள் மகள் பின்னாலிருந்து குதித்துப் பாலத்துக்கு ஓடினாள். அம்மா சம்மட்டியோடு நிற்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கம்பி கட்டுவது நாளைக்குத்தான். இன்றைக்கு ஒரு நாள் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, இவளும் பாலத்துப் பக்கம் வந்தாள்.

மகள் வாயருகே இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டாள்.

"பெரியம்மா! நான் பொறந்தப்ப யாரு மாதிரி இருந்தேன்? டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க!"

கணவன் சைக்கிள் சங்கிலியைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான்.

இதைக்கூட வீட்டில் கேட்கத் தோன்றவில்லை பார், என்றுதான் இவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகுதான் பயம் வந்தது.

உள்ளேயிருந்து எப்போதும் உடனே வரும் பதில் வரவில்லை. துணி உதறும் சத்தமும் நின்றுபோயிருந்தது. வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"பெரியம்மா! கேக்குதா?"

கேட்டது. பதில் கொஞ்சம் கரகரத்து வந்தது.

"அச்சு அசல் உங்கம்மா மாதிரியேதான்டி இருந்த!"

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து இவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். தன் மோவாயைத் தொட்டு, பிறகு இவள் மோவாயைத் தொட்டாள்.

காவல்காரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா பொய் சொல்லவில்லை. சிறை ஆஸ்பத்திரியில் அவள் பெற்று இவள் கையில் கொடுத்த அன்றே, பிள்ளை அம்மாவை உரித்துவைத்திருந்தது.