சூரியன் இல்லாத உலகத்தில் பச்சைப் பயிர்

“மாமா, உங்க ஏழாவது உலகத்துல சூரியனே கிடையாதுங்கறீங்க. அப்புறம் பயிர் மட்டும் எப்படிப் பச்சைப்பசேல்னு நிக்குது?”

மாமனார் கற்பனையில் கட்டிய பல உலகக் கதை விளையாட்டு அது. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் அவரை விடுவதாக இல்லை.

“அது மந்திரப் பயிர்மா.”

“அஞ்சாவது உலகத்துலயும் இதே சாக்குதான் சொன்னீங்க.”

கல்யாணமான புதிதிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டதே என்று மகன் கவலைப்பட்டான். அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோனதும் அப்பாவின் காதருகே குனிந்தான்.

“காலமெல்லாம் தாவரவியல் நடத்தின வாத்தியாருக்கு இதுகூடவா தெரியல? திருத்திடுங்கப்பா.”

“சும்மா இருடா. வந்ததுலேருந்து ‘ம்’, ‘சரி’ தவிர வாய் திறக்காத பொண்ணு, இன்னிக்குத்தான் என்னை வறுத்தெடுக்குது” என்றார் அப்பா, பூரிப்போடு. “அடுத்த உலகத்துல ஆத்தையே மலைமேல ஏத்தப் போறேன்.”