ஆடு சாகும் நேரம்

பட்டாப்பட்டி டவுசர் போட்ட அந்த ஆடு, ஐந்தாம் கட்டத்தில் ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் செத்துப்போனது. அதுவும் மத்தியானத்தில் மட்டும்.

பர்மாவில், தாகேதா என்ற பேட்டையில் நியாஸ் நடத்திய டிவி கேம் கடைக்கு அந்த ஆடுதான் ராஜா. கறுப்பு வெள்ளைக் காலத்துக் கார்ட்டூன் படங்களில் குதித்தது, இப்போது கேசட்டுக்குள் புகுந்து குதித்தது. பர்மிய மொழியில் ஆட்டுக்கு 'செய்'. மரியாதைக்கு முன்னால் ஒரு 'கோ' சேர்த்து 'கோ செய்' என்றார்கள் வாடிக்கையாளர்கள். பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த வருடம். மாணவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்கக் கரண்ட் போனாலும் நியாஸ் கடையில் ஆடு ஓடும்.

"நமக்குத் தனி லைன்" என்பான் பெருமையாக.

இப்போதோ, ஆடு அக்கரையைத் தொடப் போகும் நேரம் பார்த்துத் திரை மினுங்கி, ஆட்டம் மறுபடி முதல் கட்டத்துக்கே போய்விடுகிறது. பாதிப் பேர் அடுத்த தெரு நெல்சன் கடைக்குப் போய்விட்டார்கள்.

"இப்படியே போனா மாவ்பியில எங்க வாப்பா கடையில வெங்காயம் நிறுக்கலாம் மச்சான்" என்றாள் மனைவி ஷப்னம். "வாப்பா உங்களுக்காகத் தராசைத் துடைச்சு வச்சிட்டாராம்."

மாமனார் கடையில் நிற்பதற்கு ஆடாகவே பிறந்திருக்கலாம் என்று நியாஸுக்குத் தோன்றியது.

கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். பெட்டியைக் கழற்றி மாட்டினான். ஆடு செத்தது. கடைசியில் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரையையே உற்றுப் பார்த்தான். முதலில் படம் சுருங்கி ஓரங்களில் கறுப்பு விழுகிறது. தலைக்கு மேல் ஃபேன் தளர்கிறது. அப்புறம்தான் ஆடு சாகிறது.

"கோளாறு ஆட்டுல இல்ல புள்ள, வோல்டேஜுல! நாம தண்ணி பிடிக்கும்போது கீழ் வீட்டுக்காரன் குழாயைத் திறந்தா, நம்ம குழாய் சொட்டத்தானே செய்யும்? அதே கதைதான். எவனோ நம்ம லைன்ல பெரிசா எதையோ மாட்டுறான். கரண்ட் திருட்டு!"

"பின்னாலதானே போலீஸ் ஸ்டேஷன்? ஓடிப் போய்ச் சொல்லுங்க."

"அவங்களுக்கு ஆயிரம் வேலை. திருடனை நானே பிடிக்கிறேன்."

மறுநாள் மத்தியானம், படம் சுருங்கியதுமே பின்சந்துக்கு ஓடினான். தன் ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தான். சுவர் மூலையில் அதன் ரப்பரைச் சீவி, புதிதாக ஒரு ஒயரை முறுக்கியிருந்தார்கள். அது பக்கத்து லாண்டரியின் ஜன்னலுக்குள் போனது.

உள்ளே பர்கத்துல்லா போலீஸ் சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பத்து டிவி குடிக்கும் கரண்டை அந்த ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி குடிக்கும்.

வயதில் மூத்தவர்; அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் நியாஸ் அவரைக் கூப்பிடுவான்.

"கம்பியில உக்காந்திருக்கிற காக்கா யாருன்னு தேடினேன். நீங்கதானா? அடுத்தவன் லைன்ல கை வைக்கிறது ஹராம் இல்லையா?"

பர்கத்துல்லா சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரை நீவினார்.

"கத்தாதே தம்பி. ஒயரைச் சீவுறதுக்கு முந்தி, அது எங்கேருந்து வருதுன்னு நானும் பின்னாலயே போய்ப் பார்த்தேன்."

நியாஸ் சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"இதை உரக்கப் பேசலாமா, மெதுவாப் பேசலாமா?" என்றார் அவர்.

மெதுவாகவே பேசினார்கள். மறுநாள் மத்தியானம் கோ செய் ஆற்றைத் தாண்டி ஆறாம் கட்டத்துக்குள் துள்ளிக் குதித்தது. நெல்சன் கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

காலையில் இஸ்திரி, மத்தியானத்திலிருந்து ஆடு என்று முறை வைத்துக்கொண்டதும், போலீஸ் ஸ்டேஷன் மீட்டர் இரண்டையும் நன்றாகவே தாங்கியது.