சனிக்கிழமை யாருக்கு?

"சனிக்கிழமை எனக்குத்தான் வேணும்னு அவர்கிட்ட சொல்லுங்க தம்பி."

பல் டாக்டரம்மா 'அவர்' என்று சொன்ன சர்வேயர், அந்தம்மாவுக்கு முழங்கை இடிக்கும் தூரத்தில், பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

டிராவல் ஏஜென்ட் அதையே கொஞ்சம் சர்க்கரை தடவி அவரிடம் எடுத்துச் சொன்னார்.

சர்வேயர் ஏஜென்ட்டைப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்துப் பிழைக்கிற அந்தம்மாவால், இந்த ஒரு வாயைத் திறக்க வைக்க முடியவில்லை.

காலையிலிருந்து இதே கூத்துதான்.

ஏஜென்ட்டுக்கு இது புதிதில்லை. டிக்கெட் போட வரும் தம்பதிகளில் பாதிப் பேர் அவர் மேஜைக்கு முன்னால்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். மாமியார் வீடா மலையா என்று மல்லுக்கு நின்றவர்களைச் சமாதானம் செய்து கடற்கரைக்கு அனுப்பிவைத்த மனிதர் அவர். எந்த ஜோடியாக இருந்தாலும் உள்ளே நுழையும்போதே எடை போட்டுவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்வார். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் இப்படி ஒரு பயணத்தை அவர் போட்டதே இல்லை.

பெரிய நகரம். முழுசாக ஒரு வாரம். அரண்மனை வேண்டாமாம், மியூசியம் வேண்டாமாம், படகு சவாரி வேண்டவே வேண்டாமாம். சாயங்காலமானால் ஜாஸ் சங்கீதம் கேட்க வேண்டும். எந்தக் கிளப்பில் யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் அதற்கு ஏற்ற மாதிரி போட வேண்டுமாம்.

ஏஜென்ட்டுக்குத் தெரிந்த ஜாஸ், லிஃப்டில் ஏறினால் கேட்கிறது. இறங்கினால் நின்றுவிடுகிறது. அதற்காக ஒருவர் விமானம் ஏறுவார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சர்வேயர் நகரத்து மேப்பை மேஜையில் விரித்து, குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அண்ணன் தம்பிகளுக்கு எத்தனையோ தோட்டங்களை அளந்து பிரித்துக் கொடுத்த கை. கோடு நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

நிலவறைக் கிளப் அந்தம்மாவுக்கு. மொட்டைமாடிக் கிளப் சர்வேயருக்கு. பியானோக்காரி அந்தம்மாவுக்கு, டிரம்ஸ் சகோதரர்கள் சர்வேயருக்கு. ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்துப் போகிறார்கள், குடும்பம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமையில் வந்து வண்டி நின்றுவிட்டது.

சனிக்கிழமை ஒரு கிழவர் டிரம்பெட் வாசிக்கிறார். ஒரே ஒரு சாயங்காலம். அதோடு டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டாராம். அவர் பெயரைச் சொல்லும்போது இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரி தழைந்தது.

இரண்டு பேருக்கும் அதே கிழவர்தான் வேண்டுமென்றால், இதில் சண்டை எங்கிருந்து வந்தது? ஏஜென்ட்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சரி, கோபத்தில் இருக்கிறார்கள், நாம்தான் பனியை உருக்க வேண்டும் என்று முடிவு செய்து, கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பெரிய கட்டில், மேலே ரோஜா இதழ்கள், ஜன்னலுக்கு வெளியே ஆறு.

"கல்யாண நாள் எப்போ மேடம்? சொன்னா ஹோட்டல்ல கேக் தருவாங்க."

"டைவர்ஸ் ஆன நாளுக்குத் தருவாங்களா? போன மாசந்தான் ஆச்சு."

ஏஜென்ட் திரையை மெல்லத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் இந்த வாரம் இரண்டு பேரும் அந்த நகரத்துக்குப் போவது வழக்கம். டைவர்ஸ் ஆனதற்காக அதை விட்டுவிட இரண்டு பேருக்குமே மனசில்லை. தனித்தனியாக டிக்கெட் போட்டால் ஏதாவது ஒரு கிளப்பில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருக்கும். அது நடக்கக் கூடாது என்றுதான் சேர்ந்து வந்திருந்தார்கள். வீடு, கார், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பாகம் பிரித்த வக்கீல், ஜாஸ் கிளப்புகளை மறந்துவிட்டாராம்.

ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறார்களாம்! எடை போட்ட லட்சணம் இதுதான்.

மின்விசிறி மேப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

கடைசியில் சர்வேயர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சனிக்கிழமை அவங்களே போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, மனுஷர் முகம் சுருங்கிப்போய்விட்டது. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து கேட்டது கையில் கிடைத்ததே, அந்தம்மா சந்தோஷப்பட வேண்டாமோ? ஊஹூம். கைப்பையைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அவருக்கு அழுகை வந்துவிடுமோ என்று ஏஜென்ட்டுக்குப் பயமாகப் போய்விட்டது.

"சனிக்கிழமை கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க தம்பி. பக்கத்துல பக்கத்துல வேண்டாம்."

"சரிங்க மேடம். ஆளுக்கொரு மூலையில போட்டுடறேன்."

"மூலையெல்லாம் வேண்டாம். அவருக்கு என் சீட்டுக்கு நேர் முன்னாடி சீட் போடுங்க."

ஏஜென்ட் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவான பாட்டு வந்தா தூங்கிடுவார். பின்னாடி இருந்து தட்டணும்ல?"

சர்வேயர் சடாரென்று திரும்பினார். ஏஜென்ட் பக்கம் அல்ல, அந்தம்மா பக்கம்.

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"