லோஜனின் வகுப்பு

லோஜனை அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்வதில்லை என்று ஷிபானா முடிவே கட்டிவிட்டார்.

ஹட்டனில் இருந்த அந்தக் கல்லூரியில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு 'வாசிப்பும் எழுத்தும்' என்றொரு பாடம். முதுமாணிப் பட்டம் படித்துக்கொண்டே அதைக் கற்பிக்கும் இளம் போதனாசிரியர்களுக்குத் துணையாக இருப்பது, இணைப்பாளர் ஷிபானாவின் பொறுப்பு. அதற்காகவே புதன்கிழமை தோறும் ஒரு கூட்டம். பிளேன்டீ, வடை எல்லாம் அவர் செலவு.

முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: "எதையும் மறைக்காம மனசு விட்டுச் சொல்லுங்க. சமாளிக்க முடியாதவங்க யாருன்னு தெரிஞ்சாத்தானே நான் வேற ஆள் தேடலாம்?"

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"நிலக்ஷி, வகுப்பு எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுங்க மேடம்."

"சுமன்?"

"ஒரு பிரச்சினையும் இல்லைங்க மேடம்."

லோஜன் மட்டும்தான் விதிவிலக்கு.

"மேடம், 'கட்டுரையில வர்ற பந்திக்கும் சுருக்கத்துக்கும் என்ன சார் வித்தியாசம்'னு ஒரு பிள்ளை கேட்டிருச்சுங்க. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு வெளிய போனவன், பெல் அடிக்கிற வரைக்கும் கேன்டீன்லயே ஒளிஞ்சிருந்தேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஷிபானாவும் பந்தியையும் சுருக்கத்தையும் விளக்கியே ஓய்ந்துபோனார்.

அடுத்த வாரம் அதைவிட மோசம்.

"ஒரு பையன் வீட்டுல எழுதிட்டு வந்த ஒப்படைங்க மேடம். கட்டுரை முடிஞ்சதும் கீழ, 'வேறு ஏதேனும் உதவி தேவையா?'ன்னு எழுதியிருந்தான். எவ்வளவு மரியாதையான பையன்னு அஞ்சு மார்க்ஸ் கூடப் போட்டுட்டேன்."

"அல்லாஹ்வே! அது போன்ல இருக்கிற ஏஐ கேட்டது லோஜன்! அவன் அதை அழிக்காமக் கூட தந்திருக்கான்!"

"அப்படிங்களா மேடம்?" என்று லோஜன் தலையைச் சொறிந்தான். அதற்கும் யோசனைகள் குவிந்தன.

லோஜன், தூரத்து டயகம தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிற பிள்ளை. பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தால் மாணவர்கள் கதி?

பீடத் தலைவரிடம் பேசுவதற்கு முன், ஒரு தடவை அவனுடைய வகுப்பை நேரில் பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போனார். வாசலில் பனிமூட்டம். உள்ளே ஒரே சத்தம்.

'நினைச்சேனே' என்று எட்டிப் பார்த்தார்.

நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி மாணவர்கள் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த வரி முதலில் வரவேண்டும் என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை. லோஜன் ஒரு மூலையில் கைகட்டி நின்றான். கொஞ்ச நேரத்தில், எந்த வகுப்பிலும் வாய் திறக்காத மாணவி காளியாயி எழுந்து, தான் எழுதியதை வாசித்தாள். சண்டை நின்றது. "இதுதாங்க சார் முதல் வரி!" என்றது மொத்த வகுப்பும்.

பெல் அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

 வெளியே வந்த லோஜனை ஷிபானா மறித்தார். "இவ்வளவு நல்லா படிப்பிக்கிறீங்க. கேன்டீன்ல ஒளிஞ்சேன்னு ஏன் சொன்னீங்க? உங்களை நிப்பாட்டவே இருந்தேன், தெரியுமா?"

"இன்னைக்கு ஏதோ நல்ல நாளுங்க மேடம்" என்று அவன் நழுவப் பார்த்தான்.

பக்கத்து வகுப்பிலிருந்து வந்த நிலக்ஷிக்கு அது காதில் விழுந்துவிட்டது. பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மேடம், அவரை நிப்பாட்டாதீங்க. அஞ்சு மார்க்ஸ் போட்டது நான்தாங்க. கேன்டீன்ல ஒளிஞ்சது சுமன். பஸ்ல வரும்போது அவர்கிட்ட சொல்லி அழுவோம். 'நீங்க வாயைத் திறந்தா வேலை போயிரும், எனக்கு நடந்ததா சொல்லிப் பதிலை வாங்கித் தாரேன்'னு சொன்னார்."

"என்கிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே? யாருக்குப் பயந்தீங்க?"

நிலக்ஷி தரையைப் பார்த்தாள். லோஜன் கூரையைப் பார்த்தான்.

'வேற ஆள் தேடலாம்' என்று முதல் கூட்டத்தில் தான் சொன்னது அப்போதுதான் ஷிபானாவுக்கு நினைவு வந்தது. 

புதன்கிழமை, வடையைக் கையில் எடுக்கும் முன்பே அறிவித்தார். "யாரோட வேலையும் போகாது. அது என் பொறுப்பு. இனிமே அவங்கவங்க பிரச்சினையை அவங்கவங்களே சொல்லுங்க."

தயங்கித் தயங்கி சுமன் தொடங்கினான். பிறகு நிலக்ஷி. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஷிபானாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அப்ப லோஜனுக்கு இனிமே சொல்ல ஒண்ணும் இல்ல!" என்று சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க மேடம்."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"திங்கக்கிழமை வகுப்புங்க. நான் கேள்வி கேக்குறேன். பிள்ளைங்க வாயைத் திறக்குறதுக்குள்ள நானே பதிலையும் சொல்லிடுறேன். 'விளங்குதா?'ன்னு கேட்டா எல்லாரும் தலையை ஆட்டுறாங்க. வெளிய போனதும், என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிறாங்க."

"ஐயோ, அப்படியுமா ஒருத்தர் படிப்பிப்..."

ஷிபானா பாதியில் நின்றார்.  சுமன் தன் வடையில் இருந்த ஓட்டையை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அந்தப் பாடத்தை எடுப்பவர் ஒரே ஒருவர்தான். இணைப்பாளர் ஷிபானா.

அவர் மெல்ல நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"லோஜன் பாவம். அவருக்கு ஒரு வழி சொல்லுங்க பார்ப்போம்."

எல்லோரும் லோஜனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஷிபானா ஒரு தடவைகூட குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.